கை உயர்த்தி நின்ற வாழை

ஆகஸ்ட் 4, ஞாயிறு

தோட்டத்தில் மரம் எண்ணினது: வாழை 41 மூடு. மட்டி 28, ஏத்தன் 8, செந்துளுவன் 5. குலை போட்டவை 6. இலை அறுத்தது 9.

என் வீட்டுக்காரருக்கு நெஞ்சில் ஆபரேஷன் முடிந்து இன்றோடு நாற்பது நாள். இன்றைக்கு முதல் தடவையாக யார் கையையும் பிடிக்காமல் ஆலயத்துக்கு நடந்தே வந்தார். ஸ்தோத்திரம்.

அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து ஒரு பொருத்தனை செய்துகொண்டேன். இவர் உயிரோடு வீட்டுப்படி ஏறினால், அறுப்பின் பண்டிகை ஏலத்துக்கு என் தோட்டத்திலேயே சிறந்த மட்டி வாழைக் கன்றுகளைக் கொடுப்பேன் என்று. படி ஏறிவிட்டார். இனி நான் கொடுக்க வேண்டியது பாக்கி.

ஆகஸ்ட் 19, திங்கள்

கிணற்றுக்கு மேற்கே நிற்கிற மட்டி மூடு ஒன்றைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மற்றவை இலையைத் தொங்கப் போட்டு நிற்க, இது மட்டும் குருத்தை ஒட்டிய இலைகளை நேராக மேலே தூக்கி, ஒன்றோடு ஒன்று சேர்த்து நிற்கிறது. இரண்டு கையையும் உயர்த்தி ஸ்தோத்திரம் சொல்லுகிற மாதிரி. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அதன் மூட்டிலேயே நின்று ஜெபித்தேன்.

கன்று இதிலிருந்துதான் தோண்ட வேண்டும். எதைக் கொடுக்க என்று இத்தனை நாள் குழம்பியது வீண்.

செப்டம்பர் 11, புதன்

இவருக்குக் காலில் வீக்கம் வற்றிவிட்டது. காலிலிருந்து எடுத்த ரத்தக்குழாயைத்தான் நெஞ்சில் வைத்துத் தைத்திருக்கிறார்கள். நாற்பது வருஷம் சைக்கிள் மிதித்த கால் இப்போது உட்கார்ந்த இடத்தில் நெஞ்சைக் காப்பாற்றுகிறது என்று டாக்டரிடமே சொல்லிச் சிரிக்கிறார். தந்தி ஆபீஸில் வேலை பார்த்தவர் அல்லவா, எதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுவார்.

அக்டோபர் 6, ஞாயிறு. அறுப்பின் பண்டிகை

ஒன்பது கன்று. ஏழு அந்த ஸ்தோத்திர மூட்டிலிருந்து, இரண்டு அதற்குப் பக்கத்து மூட்டிலிருந்து. வேர் மண்ணைக் கழுவி, சாக்கில் பொதிந்து, ஒவ்வொன்றிலும் சிவப்பு நூல் கட்டினேன். ஆராதனை முடிந்து ஆலய முற்றத்தில் ஏலம். பூசணி, சேனை, கோழி, கன்று எல்லாம் வரிசையாக. யாருக்கு எது போனது என்று எழுதிக்கொண்டேன்:

சபைப் போதகர் ஐயர் வீடு 1. டெல்பின் டீச்சர் 2. கொத்தனார் மரியதாசன் 2. ஆர்கன் வாசிக்கிற தம்பி வீடு 2. ஆலயக் கணக்கர் 1.

ஒன்பதாவது, கடைசி வரிசையில் நின்ற ஒருவருக்கு.

பொருத்தனை நிறைவேறியது. மனசு பஞ்சாக இருக்கிறது.

அக்டோபர் 24, வியாழன்

இவர் காலையில் தோட்டத்தில் நடக்கப் போனவர், ஸ்தோத்திர மூட்டின் இலையை வெயிலுக்கு நேரே பிடித்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். இலையின் பின்பக்கம், நரம்பு நரம்பாக, கரும்பச்சையில் சின்னச் சின்னப் புள்ளிகள், இடையில் குட்டிக் கோடுகள். புள்ளி, கோடு, புள்ளி, புள்ளி, கோடு.

"இது எங்க ஆபீஸ் பாஷைல்லா" என்றார். விரலை வைத்து வாசித்துப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டி, "ஒண்ணும் தெரியல்ல. அனுப்புனவனுக்குக் கை நடுக்கம்" என்றார்.

நான் சிரித்தேன். அவர் சிரித்து முடித்துவிட்டு, தந்தி என்றால் அந்தக் காலத்தில் பத்துக்கு எட்டு சாவுச் செய்திதான் என்றும், இந்த இலையை வேளாண்மை ஆபீஸில் காட்டுவோம் என்றும் சொன்னார்.

அக்டோபர் 28, திங்கள்

நிலோஃபர் என்று ஒரு பெண்பிள்ளை வந்தாள். தக்கலைக்காரி. வாழையில் வரும் வைரஸ்களைப் பற்றி ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறாள். வேளாண்மை ஆபீஸிலிருந்து அவளுக்குப் படம் போயிருக்கிறது. வந்தவள் தண்ணீர்கூடக் குடிக்காமல் நேரே கிணற்றடிக்குப் போனாள். ஸ்தோத்திர மூட்டைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

முடிக்கொத்து நோய். இந்த வைரஸ் பிடித்தால் வாழை இலையை விரிக்க முடியாமல் உச்சியில் கொத்தாக நிற்குமாம். குலை வராது. மருந்து கிடையாது. கன்று வழியாகப் பரவும், கறுப்பு அசுவினிப் பேன் வழியாக மூட்டுக்கு மூடு தாவும்.

"எவ்வளவு அழகா நிக்குதுன்னு நினைச்சிருப்பீங்க ஆன்ட்டி. நிறைய பேர் அப்படித்தான் சொல்லுவாங்க" என்றாள். நான் குனிந்து சருகைப் பொறுக்கினேன்.

அடுத்து அவள் கேட்டது, இதிலிருந்து யாருக்காவது கன்று கொடுத்தீர்களா என்று.

அக்டோபர் 29, செவ்வாய்

மூன்று மூடு தோண்டியாயிற்று. இப்போது வாழை 38.

இதற்கு ஒரு முறை இருக்கிறது. கண்டவுடன் வெட்டிவிடக் கூடாது. வெட்டினால் அதிலிருக்கிற பேனெல்லாம் அடுத்த மூட்டுக்குப் பறந்துவிடும். முதலில் நிலோஃபர் கொண்டுவந்த மருந்தை அடித்துப் பேனைச் சாகடித்து, அதற்குப் பிறகு கிழங்கோடு தோண்டி, கிழங்கைத் துண்டு துண்டாக நறுக்கிப் புதைக்க வேண்டும். ஒரு கண் மிஞ்சினாலும் முளைத்துவிடும். "மொதல்ல பேன், பொறவு மூடு" என்று இவர் மந்திரம் மாதிரி சொல்லிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அவரை மண்வெட்டி தொட விடவில்லை.

வேலை முடிந்து சாயா குடிக்கும்போது நிலோஃபரிடம் நிறைய கேட்டேன். நான் எட்டாம் வகுப்பு. ஆனால் லைப்ரரியில் கிடைக்கிறதையெல்லாம் வாசிக்கிறவள். அவள் சொன்னதை மறக்குமுன் எழுதுகிறேன்.

இந்த வைரஸ் ஆறு துண்டாக இருக்கிறது. ஆறும் ஒரே கூட்டுக்குள் இல்லை, தனித்தனிக் கூடு. ஒன்று மட்டும் போனால் நோய் உண்டாக்க முடியாது. பிரிந்து கிடக்கிற துண்டுகள் எப்படி ஒன்றுசேர்ந்து வேலை செய்கின்றன என்பது வெகுநாள் புதிராம். இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு வைரஸில், துண்டுகள் ஒரே செல்லுக்குள் இல்லாமல் வேறு வேறு செல்லில் இருந்துகொண்டே ஒன்றுக்கொன்று உதவுகின்றன என்று சில வருஷத்துக்கு முன்பு கண்டுபிடித்திருக்கிறார்கள். தனித்தனி வீட்டில் இருந்துகொண்டு ஒரே குடும்பமாக நடப்பதைப் போல.

அந்தக் கூட்டின் வடிவம் எப்படி அமைகிறது என்று, பேனாவும் தாளும் வைத்துக்கொண்டு உலகத்தையே கணக்குப் போடுகிற இயற்பியல்காரர்களும் யோசிக்கிறார்களாம். கூடு பெரிதோ சிறிதோ, ஐந்தைந்தாகச் சேருகிற மூலை சரியாகப் பன்னிரண்டு இருந்தால்தான் மூடுமாம். கால்பந்தில் கறுப்புக் கட்டம் பன்னிரண்டு இருப்பதுபோல. பன்னிரண்டு சீஷர்கள் என்று நான் சொன்னேன். நிலோஃபர் சிரித்துவிட்டு, இதைத் தன் பேராசிரியரிடம் சொல்வதாகச் சொன்னாள்.

இன்னொன்றும் சொன்னாள். தட்டைப்பயறுச் செடியில் தேமல் நோய் உண்டாக்குகிற ஒரு வைரஸை, புற்றுநோய்க் கட்டிக்குள் செலுத்தினால் உடம்பு விழித்துக்கொண்டு கட்டியோடு சண்டை போடுகிறதாம். நாய்களுக்குக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். மனிதருக்கு வர இன்னும் நாள் ஆகலாம். செடிக்கு எமனாக இருப்பது ஒருநாள் யாரோ ஒருவர் வீட்டுப்படி ஏற உதவும் என்றால், எதையும் முழுக்கக் கெட்டது என்று எழுதி மூடிவிடக் கூடாது போலிருக்கிறது.

போகும்போது, கொடுத்த கன்றுகளை இரண்டு வாரத்துக்குள் கண்டுபிடித்து எடுத்துவிடுங்கள் ஆன்ட்டி என்றாள். பெரிய வாழைத்தோட்டம் எதற்காவது போயிருந்தால் அதை முதலில் பாருங்கள் என்றும் சொன்னாள்.

நவம்பர் 1, வெள்ளி

ஐயர் வீடு 1, கணக்கர் 1. எடுத்தாயிற்று.

ஞாயிறு ஆராதனையில் அறிவித்துவிடலாமே என்று ஐயர் சொன்னார். வேண்டாம், நானே வீடு வீடாகப் போகிறேன் என்றேன். கொடுத்த கை எடுக்கவும் வேண்டும். ஐயரம்மா கன்று நட்ட குழியில் முருங்கைக் கம்பை ஊன்றிவிட்டார்கள்.

நவம்பர் 5, செவ்வாய்

டெல்பின் டீச்சர் 2, மரியதாசன் 2, ஆர்கன் தம்பி வீடு 2. ஆக எட்டு.

மரியதாசன்தான் கொஞ்சம் சடைத்தான். "ஆலயத்துல ஏலம் எடுத்தத தோண்டுனா தோஷமில்லியா அக்கா" என்று கேட்டான். தோஷம் கொடுத்தவளுக்குத்தான், உனக்கில்லை என்றேன். அதற்குமேல் அவனே மண்வெட்டியை எடுத்துக்கொண்டான். டீச்சரிடம் பாதியில் நிறுத்தி, திரும்ப முதலிலிருந்து சொன்னேன். அவர்கள் என் தோளைத் தட்டினார்கள். நல்ல ஜனங்கள் நடுவில் கர்த்தர் வைத்திருக்கிறாரே, அதற்கு ஸ்தோத்திரம்.

நவம்பர் 6, புதன்

மழை.

நவம்பர் 7, வியாழன்

இன்றும் மழை. எப்படிப் போக.

நவம்பர் 8, வெள்ளி

மழை இல்லை. ஐந்து நாள் துணி சேர்ந்திருந்தது. துவைத்தேன்.

நவம்பர் 9, சனி

அரிசி புடைத்தேன். மிளகாய் காயப்போட்டேன். ஜன்னல் துடைத்தேன்.

நவம்பர் 11, திங்கள்

இவர் இன்றைக்கு இந்தக் கணக்கு நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். பண்டிகை நாள் பக்கத்தைத் திறந்து, "ஒன்பதாவது யாருன்னு எழுதல்ல" என்றார்.

தெரியவில்லை என்றேன்.

"எனக்குத் தெரியும்" என்று சொல்லி நோட்டை மூடித் தந்தார். சுருக்கமாகச் சொல்லுகிறவர்.

எழுதிவிடுகிறேன். ஒன்பதாவது கன்றை எடுத்தது ரெத்தினபாய். செத்துப்போன என் கொழுந்தனின் மனைவி. ஆற்றங்கரையில் முந்நூறு மூடு மட்டி குத்தகைப் பாட்டத்துக்கு எடுத்துப் பயிர் வைத்திருக்கிறாள். அவளுக்குப் பிழைப்பே அதுதான். ஆறு வருஷமாக நாங்கள் பேசுவதில்லை. அவள் மகள் ஷைனி வேற்று மதத்துப் பையனோடு போனபோது, பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் அதை நான் ஜெபக்குறிப்பாகச் சொன்னேன். ஜெபத்துக்காகத்தான் சொன்னேன். சாயங்காலத்துக்குள் சபை முழுக்கத் தெரிந்துவிட்டது. அதற்கு நான் என்ன செய்ய.

நவம்பர் 12, செவ்வாய்

காலையிலேயே போனேன்.

கன்று அவள் தோட்டத்தில் இல்லை. வீட்டு வாசலில், கேட்டுக்குப் பக்கத்தில் நட்டிருக்கிறாள். ஆடு கடிக்காமலிருக்க ஓலை கட்டி வேலி போட்டிருக்கிறாள். சிவப்பு நூல் அப்படியே இருக்கிறது. அவள் இலைக்கட்டுக் கட்டிக்கொண்டிருந்தவள் தலை நிமிராமலே பேசினாள்.

"என்னக்கா, இந்தப் பக்கமெல்லாம் வழி தெரியுமா? ஜெபத்துக்கு வேற விஷயம் எதும் தட்டுப்பட்டுதா?"

நான் வந்த காரியத்தைச் சொன்னேன். வைரஸ், பேன், நிலோஃபர் எல்லாம் சொன்னேன். அவள் எழுந்து வந்து கன்றுக்கு முன்னால் நின்றுகொண்டாள்.

"இத நான் பயிருக்கு வாங்கினதா நினைச்சிய? எனக்கு மட்டி இல்லாமலா? உங்க கையால தோண்டினது. ஆறு வருஷத்துல உங்ககிட்ட இருந்து எனக்கு வந்த ஒரே சாதனம். அதையும் திருப்பி வாங்க வந்திருக்கிய."

அவள் குனிந்து வேலி ஓலையைச் சரிசெய்தாள்.

"நல்லாத்தான நிக்குது. பாருங்க, எப்படி எழும்பி நிக்குன்னு."

பார்த்தேன். அதே நிலை. இலைகளைச் சேர்த்து, மேலே தூக்கி. அப்போது வாயில் தானாக வந்துவிட்டது. நிலோஃபரிடம் சொல்லாதது, இவரிடமும் சொல்லாதது.

"நானும் அப்படித்தான் நினைச்சேன் ரெத்தினம். கைய உயர்த்தி ஸ்தோத்திரம் சொல்லுதுன்னு நினைச்சேன். மூட்டுல நின்னு ஜெபிச்சேன். அதனாலதான் அதையே பாத்துத் தோண்டிக் குடுத்தேன்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். கன்றைப் பார்த்தாள். திரும்ப என்னைப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்து, நிற்க மாட்டாமல் இலைக்கட்டு மேலேயே உட்கார்ந்துவிட்டாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சீக்கு வந்து நிக்கதப் பாத்து, ஜெபம் பண்ணுதுன்னு... எனக்க அக்கா" என்றாள். எனக்கும் சிரிப்பு வந்தது. கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றுபோயிற்று.

"ஷைனி காரியமும் அப்படித்தான்" என்றேன். "ஜெபம்னு நினைச்சுத்தான் சொன்னேன். சொல்லியிருக்கப்படாது."

அவள் வீட்டுக்குள் போனாள். வெகுநேரம் வரவில்லை. போய்விடச் சொல்லுகிறாள் போல என்று செருப்பை மாட்டினேன். வந்தாள். கையில் மண்வெட்டி.

"எங்கக்கா வெட்டணும்?"

"மொதல்ல பேன், பொறவு மூடு" என்றேன். நான் கொண்டுபோன மருந்தை அடித்தோம். அது காயும்வரை படியில் உட்கார்ந்திருந்தோம். பிறகு அவள் தோண்டினாள், நான் கிழங்கை நறுக்கினேன். சிவப்பு நூலை மட்டும் அவிழ்த்து எடுத்து வைத்துக்கொண்டாள்.

கிளம்பும்போது, "கைய கழுவிட்டுப் போங்க" என்றாள். கழுவினேன். சாயா இருந்தது.

ஒன்பது. முடிந்தது.

நவம்பர் 14, வியாழன்

முடியவில்லை. நிலோஃபர் ஆற்றங்கரைத் தோட்டத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாள், இப்போதைக்கு ஒன்றும் தெரியவில்லை, ஆனால் ஐந்து வாரம் அந்தக் கன்று வாசலில் நின்றிருக்கிறது, தோட்டம் பாதைக்கு அந்தப்பக்கம்தான். ஒரு பேன் பறந்திருந்தாலும் போதும். வைரஸ் உள்ளே இருந்துகொண்டு ஒன்று, இரண்டு மாதம் ஆனபிறகும் வெளியே காட்டலாம். மூன்று மாதம் வாரா வாரம் ஒவ்வொரு மூடாகப் பார்க்க வேண்டும். ஒன்றில் கண்டால் உடனே எடுத்தால் மற்றது பிழைக்கும். விட்டால் முந்நூறும் போகும்.

முந்நூறையும் தனியாளாய் எப்படிப் பார்ப்பாள். சனிக்கிழமை தோறும் நான் வருகிறேன் என்றேன். ரெத்தினபாய் வேண்டாம் என்று சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை.

நவம்பர் 16, சனி

முந்நூறு மூடு. பதினைந்து வரிசை, வரிசைக்கு இருபது. ஒவ்வொன்றுக்கும் நோட்டில் கட்டம் போட்டிருக்கிறேன். இளம் இலையை வெயிலுக்கு நேரே பிடித்துப் பின்பக்கம் பார்க்க வேண்டும். அவள் ஒரு வரிசை, நான் ஒரு வரிசை. எல்லாக் கட்டத்திலும் சுத்தம்.

கழுத்து வலி. எழுதத்தான் முடிகிறது, நிமிர முடியவில்லை.

நவம்பர் 30, சனி

சுத்தம். இன்றைக்கு இவரும் கூட வந்து வரப்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். "செய்தி உண்டா?" என்று ஒவ்வொரு வரிசை முடிவிலும் கேட்பார். "இல்ல மச்சான்" என்று ரெத்தினபாய் பதில் சொன்னாள். அவள் இவரிடமும் பேசாமல்தான் இருந்தாள். ஸ்தோத்திரம்.

டிசம்பர் 14, சனி

நான்காவது வரிசை, ஏழாவது மூடு. நான்தான் பார்த்தேன். புள்ளி, கோடு, புள்ளி.

கூப்பிடுமுன் ஒரு நிமிஷம் அப்படியே இலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சொல்லாமல் விட்டுவிடலாம் என்று நினைக்கவில்லை. எப்படிச் சொல்ல என்றுதான் தெரியவில்லை. ரெத்தினபாய் தானாகவே வந்து எட்டிப் பார்த்தாள். இலையையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள்.

"நிக்காதிங்கக்கா. மருந்த எடுங்க" என்றாள்.

கிழங்கை நறுக்கும்போது என் கண்ணீர் அதில் விழுந்தது. அவள், "ஒண்ணுதான. முந்நூறுல ஒண்ணு. நீங்க வராம இருந்திருந்தா இத நான் பாத்திருப்பனா" என்று சொல்லிவிட்டு அடுத்த மூட்டுக்குப் போய்விட்டாள். அவள் என்னைத் தேற்றினாள். இதை எப்படி எந்தக் கணக்கில் எழுத.

299.

டிசம்பர் 25, புதன். கிறிஸ்து பிறப்பு

ரெத்தினபாய் வீட்டிலிருந்து முறுக்கும் அச்சு முறுக்கும் வந்தன. நான் கேக்கும் ஒரு குலை ஏத்தனும் கொடுத்தனுப்பினேன். குலையைப் பார்த்துவிட்டு, "இது சீக்கில்லாததுதான?" என்று கேட்டு அனுப்பியிருந்தாள்.

ஜனவரி 11, சனி

சுத்தம். வேலை முடிந்து வரப்பில் உட்கார்ந்திருக்கையில் ரெத்தினபாய் போனில் ஒரு படம் காட்டினாள். ஷைனியின் பிள்ளைகள். இரண்டு. மூத்தவனுக்கு நான்கு வயசு. என் கொழுந்தனின் அதே நெற்றி.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. இவரிடம் மட்டும்.

பிப்ரவரி 8, சனி

பதின்மூன்றாவது வாரம். மூன்று மாதம் நிறைந்தது. நிலோஃபரும் வந்திருந்தாள். மூன்று பேருமாக வரிசை வரிசையாக நடந்தோம். கடைசி வரிசையின் கடைசி மூட்டில் இலையைப் பிடித்து வெயிலில் பார்த்தேன். வெறும் பச்சை. நரம்பு நரம்பாக வெளிச்சம் மட்டும். இவர் வரப்பிலிருந்து கேட்டார், செய்தி உண்டா என்று. இல்லை என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை, திரும்பவும் சத்தமாகச் சொன்னேன்.

நிலோஃபர் என் நோட்டைப் படம் எடுத்துக்கொண்டாள். பதின்மூன்று வாரம், மூடு மூடாக யாரும் இப்படிக் கணக்கு வைத்ததில்லை, தன் ஆராய்ச்சிக்கு உதவும் என்றாள். எட்டாம் வகுப்புக்காரி எழுதினது என்று போட்டுக்கொள் என்றேன்.

முதல் குலையை ரெத்தினபாய் வெட்டி எங்கள் வீட்டுக்கு என்று தனியாக வைத்தாள். காம்பில் ஒரு சிவப்பு நூல் கட்டியிருந்தது. பழைய நூல்தான். மண் கறை போகவில்லை.

இவரும் நிலோஃபரும் முன்னால் நடந்தார்கள். நானும் அவளும் பின்னால். ஆற்றுப்பாலம் வந்ததும் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அக்கா, ஒரு காரியத்துக்கு ஜெபிக்கணும். உங்களுக்குத்தான் சொல்லுதேன்."

சொன்னாள். பாலத்திலேயே நின்று கேட்டேன்.

மட்டி 299 மூடு. நோய் இல்லை. ஸ்தோத்திரம்.

அவள் சொன்னதை இங்கே எழுதவில்லை.